உதிரி

அம்பத்தூரில் ‘உதிரி’ என்ற சொல் இரண்டு இடத்தில் புழங்குகிறது. எஸ்டேட்டுக்குள் சொன்னால் உதிரிப் பாகம்: புஷ், பின், வாஷர், வால்வு. ஸ்டேஷன் பக்கம் சொன்னால் கட்டாத பூ. முதல் உதிரியில் முப்பத்து நான்கு வருஷம் சம்பாதித்துவிட்டு, இப்போது இரண்டாவது உதிரியில் கொஞ்சம் செலவு செய்துகொண்டிருக்கிறேன்.

எங்கள் வீட்டு ஜன்னல் திண்டில் ஒரு பித்தளைக் குப்பி இருக்கிறது. ஏதோ ஒரு வண்டியின் வால்வுக்கு உடம்பாகப் போயிருக்க வேண்டியது. உள்விட்டம் 32 மில்லிமீட்டர் கேட்டிருந்தார்கள். என் கை அன்றைக்கு 32.08-க்கு இழுத்துவிட்டது. ரிஜெக்‌ஷன் பெட்டியில் கிடந்ததை, ஓய்வு பெறும் நாளில் முதலாளியிடம் கேட்டு வாங்கி வந்தேன். வேறு ஏதோ கேட்கப்போகிறேன் என்று நினைத்து அவர் முகம் ஒரு கணம் இறுகியது. அடி மூடிய குப்பி, தண்ணீர் நிற்கும். உள்ளே லேத்தில் உதிர்ந்த சுருள் ஒன்றை டீசலில் அலசி, சோப்புப் போட்டுக் கழுவி, பந்தாக உருட்டிப் போட்டிருக்கிறேன். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சுருள். அலுமினியம் போட்டால் பித்தளையோடு தண்ணீரில் சேர்ந்து அரித்துப்போகும். சுருளின் இடுக்கில் காம்பைச் செருகினால் பூ சாயாது. அவ்வப்போது விரலைக் கிழிக்கும். அது பழகிய விஷயம்.

ஜப்பானில் இந்த வேலைக்கென்றே ஒரு சாமான் இருக்கிறது. கனத்த அடித்தகட்டில் ஊசிகளை நெருக்கமாக நட்டு வைத்தது. கென்ஸான் என்று பெயர். வாள்மலை என்று பொருள். ஆழமில்லாத தட்டில் பூவை நிறுத்தும் முறையை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒஹாரா உன்ஷின் என்பவர் பரப்பினார். அந்த முறைக்குக் கைகொடுப்பது இந்தக் கென்ஸான். அதைவிடப் பழைய முறை ஒன்றும் உண்டு. நாகெயிரே என்பார்கள். உயரமான ஜாடியில் பூவைப் போகிற போக்கில் போட்டதுபோல் இருக்க வேண்டும். ‘எறிந்து போட்டது’ என்பதே அந்தப் பெயரின் அர்த்தம். எறிந்து போட்டது போலத் தோன்றுவதற்கு அங்கே வருஷக்கணக்கில் பயிற்சி எடுக்கிறார்கள் என்று படித்தபோது சிரித்துவிட்டேன். நான் நிஜமாகவே எறிந்துதான் போடுகிறேன். என் மனைவி முதல் நாள் பார்த்துவிட்டுக் கேட்டது, “என்னங்க இது, பூவா, கீரைக்கட்டா?”

முதலில் என்னை மடக்கியது காம்பு. ஸ்டேஷன் பக்கம் கூடை போட்டிருக்கும் பூக்காரம்மாவிடம் போய்க் கேட்டேன்.

“காம்போட பூ கிடைக்குமாம்மா?”

“காம்போடவா? யாருக்கு சார்?”

“வீட்டுல வைக்க.”

“சாமிக்கா, அம்மா தலைக்கா?”

“ரெண்டும் இல்ல. சும்மா வைக்க.”

“சும்மாவா!” என்றார். பக்கத்தில் வெற்றிலை விற்கிறவரிடம் திரும்பி, “சார் சும்மா வெக்கப் பூ கேக்கறாரு” என்று சேதி சொன்னார்.

அவர் கேட்டதில் தப்பே இல்லை. நம் ஊரில் பூவுக்கு ஒரு விலாசம் வேண்டும். தலைக்கு, சாமிக்கு, மணமேடைக்கு, பிணத்துக்கு, கட்சிக்காரர் கழுத்துக்கு, வண்டி முகப்புக்கு. விலாசம் இல்லாத பூவை யாரும் பறிப்பதில்லை. விலாசம் எதுவானாலும் பூவை நாரில் கோக்க வேண்டும், நாருக்கு நீளக் காம்பு ஆகாது. ஆகவே தோட்டத்திலேயே தலையை மட்டும் கிள்ளி எடுத்துவிடுகிறார்கள். மல்லியில் நாரின் முடிச்சு பிடிக்கிற அளவுக்கு அரை விரற்கடைக் காம்பு மிஞ்சும். சாமந்திக்கு அதுவும் கிடையாது. ஊசி நடுவில் போகும். சம்பங்கியைத் தண்டிலிருந்து ஒவ்வொன்றாக உருவி, உதிரியாகச் சாக்கில் கட்டி அனுப்புகிறார்கள். கோயம்பேட்டுப் பூச்சந்தையில் விடியற்காலையில் போய் நின்றால் மலை மலையாகப் பூ. நீளக் காம்பைத் தேடினால், கட்டுக் கட்டாக நிற்கும் ஓசூர் ரோஜாவும் ஜெர்பராவும்தான். அவை பொக்கே கடைக்குப் போகிறவை. செலஃபேன் தாளில் சுற்றி, மினுமினுப்புத் தூவி, ரிப்பன் கட்டி, யாரோ ஒருவருக்குக் கைகுலுக்கிக் கொடுப்பதற்கானவை. அவற்றுக்கும் விலாசம் உண்டு.

பூ ஜாடி என்ற பொருள் தமிழ் வீடுகளில் ஏன் வேரூன்றவில்லை என்பதற்கு நான் கண்டுபிடித்த காரணம் இதுதான். அழகுணர்ச்சிக் குறைவென்று சிலர் எழுதுவார்கள். ஜாடிக்கு வேண்டிய காம்பு நமக்குக் கொல்லையோடு கழிந்துவிடுகிறது, அவ்வளவே. காம்போடு ஒன்றைத் தண்ணீரில் நிறுத்துகிற பழக்கம் நம்மிடம் ஒரே இடத்தில் உண்டு: கலசத்தில். செம்பில் தண்ணீர் நிரப்பி, வாயில் மாவிலைக் கொத்தைச் செருகித் தேங்காயை வைக்கிறோம். அம்மன் கோயிலானால் வேப்பிலை. ஆடி மாதம் திருவேற்காட்டுப் பக்கம் போனால் நிறையப் பார்க்கலாம். ஆனால் அதை அலங்காரம் என்று யாரும் சொல்வதில்லை. அந்தச் செம்பே தெய்வம்.

பூக்காரம்மாவின் முழத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நான் மைக்ரோமீட்டர் பிடித்தவன். நூறில் ஒரு மில்லிமீட்டர் பிசகினால் பெட்டி மாறும். அவர் முழங்கையிலிருந்து நடுவிரல் நுனிவரை பூச்சரத்தை ஓட்டி அளக்கிறார். முகூர்த்த நாளில் அந்தக் கை ஒரு மாதிரி மடங்கும், ஆடியில் ஒரு மாதிரி நீளும். மூன்று முழத்தை அளந்து, கடைசியில் ஒரு சாண் கூட விட்டு வெட்டுவார். அந்தக் கொசுறில்தான் கணக்கு நேராகிறது. வருஷக்கணக்காக வாங்குகிறோம், என் மனைவி ஒருநாள்கூட அளவைப் பற்றிப் பேசியதில்லை. “இன்னிக்கு நெருக்கமா கட்டலையே” என்றுதான் சொல்வாள். நீளத்தை விட்டுவிட்டு நெருக்கத்தைப் பார்க்கிறாள். தரக் கட்டுப்பாட்டில் எனக்குச் சொல்லித்தராத பாடம் அது.

எனக்குக் கட்டத் தெரியாது. கட்டத் தெரிந்த ஒருவரிடம்தான் வளர்ந்தேன்.

அப்பா போனபோது எனக்கு ஒன்பது வயது. திருமுல்லைவாயிலில் ஓட்டு வீடு. அம்மா கூலிக்குப் பூக் கட்டினார். கடைக்காரர் அரும்பை எடைபோட்டு ஈரத்துணியில் மூட்டையாகக் கொடுப்பார். சாயங்காலத்துக்குள் சரமாக்கித் திருப்பித் தர வேண்டும். வாழைநாரை நனைத்து, மெல்லிசாகக் கிழித்து, ஒரு நுனியைக் கால் கட்டைவிரலில் மாட்டிக்கொள்வார். இரண்டு அரும்பு இந்தப் பக்கம், இரண்டு அரும்பு அந்தப் பக்கம், காம்புகள் நடுவில் சந்திக்க, ஒரு சுற்று, ஒரு இழுப்பு. பேசிக்கொண்டே கட்டுவார், தூங்கிவழிந்துகொண்டே கட்டுவார், விரல் மட்டும் நிற்காது. நான் பிறகு எத்தனையோ ஆட்டோமேட்டிக் மெஷின்களைப் பார்த்திருக்கிறேன். வேலையை நிறுத்தாமல் பையன் தலையில் குட்டுகிற மெஷினைப் பார்த்ததில்லை.

அவர் கட்டிய பூ தெருவில் எல்லார் தலையிலும் ஏறியது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெண்கள் வந்து முழம் முழமாக வாங்கிப்போவார்கள். அம்மா சரத்தை நேராக அவர்கள் கையில் கொடுக்க மாட்டார். வாழையிலைத் துண்டில் வைத்துத் திண்ணையில் வைப்பார், அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். இந்த ஏற்பாட்டை யாரும் உத்தரவு போட்டுச் செய்யவில்லை, யாரும் மாற்றவும் இல்லை. நாள் முழுக்க மல்லியில் கையை வைத்திருந்த அந்த அம்மாளின் தலையில் நான் பூவைப் பார்த்தது கல்யாண போட்டோவில் மட்டும்.

கட்டும்போது சில அரும்புக்குக் காம்பு ஒடிந்துவிடும். காம்பில்லாத அரும்பு முடிச்சில் நிற்காது. எடையில் கழிவாகப் போகிற அந்தக் காம்பொடிந்த அரும்புகளை அம்மா மடியில் ஒதுக்குவார். வேலை முடிந்ததும் ஒரு எவர்சில்வர் டம்ளரில் கால்வாசித் தண்ணீர் விட்டு அதில் கொட்டி, அடுப்படி மாடத்தில் வைப்பார். விளக்கேற்றும் நேரத்துக்கு அவை ஒவ்வொன்றாக வாய் திறக்கும். சாம்பாரும் சீமெண்ணெயும் மல்லியும் கலந்து ஒரு வாசனை எங்கள் வீட்டில் இருக்கும். அந்த டம்ளரில் இருப்பது யாருக்கு என்று எவரும் கேட்டதில்லை. ஒரு அறுத்த பொம்பளை அடுப்படி மாடத்தில் என்ன வைத்திருக்கிறாள் என்று எட்டிப் பார்க்க ஊருக்கு என்ன வேலை? மறுநாள் காலையில் தண்ணீரோடு முருங்கை மரத்தடியில் ஊற்றிவிட்டு டம்ளரைத் துலக்கி எனக்கு அதில் காபி தருவார்.

அவர் இறந்தபோது ரோஜா மாலையும் சம்பங்கி மாலையும் குவிந்தன. போட்டவர்கள் ஒருவரும் தயங்கவில்லை.

இந்தப் பகுதி ஊர்ப்பெயர்களைச் சொல்லிப் பார்த்தால் ஒரு நந்தவனத்துக்குள் நடப்பது போலிருக்கும். மாங்காடு, வேற்காடு, முல்லைவாயில், பூவிருந்தவல்லி. கடைசிப் பெயர் பஸ் பலகையில் பூந்தமல்லியாகச் சுருங்கியது. வாய் வழக்கில் வல்லி மல்லியாகிவிட்டது. அந்தப் பிசகு எனக்குப் பிடித்திருக்கிறது.

அந்த ஊர்க்காரர் திருக்கச்சி நம்பி. பதினோராம் நூற்றாண்டு, ராமானுஜருக்கு மூத்தவர், அவருக்கு வழிகாட்டியவர். காஞ்சி வரதராஜப் பெருமாளுக்கு விசிறி வீசிக்கொண்டே பெருமாளோடு பேசியவர் என்பது வைணவ மரபு. பூந்தமல்லியில் நந்தவனம் வைத்து, அங்கிருந்து தினமும் காஞ்சிக்குப் பூ சுமந்து போனார் என்றும் சொல்வார்கள். அவர் பிறந்த இடத்து வரதராஜப் பெருமாள் கோயிலில் தாயாரின் பெயர் புஷ்பவல்லி.

ஒருநாள் அந்தக் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். பூந்தமல்லியிலிருந்து காஞ்சிபுரம் ஏறத்தாழ 50 கிலோமீட்டர். மணிக்கு ஐந்து கிலோமீட்டர் என்றாலும் பத்து மணி நேர நடை. கூடையில் என்ன பூ இருந்தது என்று யாருக்குத் தெரியும். என் கணக்குக்கு மல்லி என்று வைத்துக்கொண்டேன். மல்லியை விடியற்காலையில் முற்றிய அரும்பாகப் பறிப்பார்கள், அது சாயங்காலம் இருட்டுகிற நேரத்தில்தான் அவிழும். காலை ஐந்து மணிக்குக் கிளம்பினால், வழியில் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து எழுந்தாலும், நாலு மணிக்குக் காஞ்சிக்குப் போய்விடலாம். தொடுக்க ஒரு மணி நேரம். சாயங்கால பூஜைக்குப் பெருமாள் கழுத்தில் ஏறும்போது அரும்பு அவிழத் தொடங்கும். தினமும் என்பதை மட்டும் என் கணக்கு ஒத்துக்கொள்ளவில்லை, திரும்பி வரவே ராத்திரியில் பத்து மணி நேரம் போய்விடும், தூங்க நேரம் மிஞ்சாது. ஆனால் மல்லியின் கடிகாரமும் அந்த மனிதரின் கால்நடையும் இப்படிப் பொருந்துவது தற்செயல் என்று நினைக்க எனக்கு மனமில்லை.

நம்பி வைசியர். ராமானுஜர் அவரைச் சாப்பிட அழைத்ததும், அவர் வந்து சாப்பிட்டுப் போன இடத்தை ராமானுஜரின் மனைவி கழுவி மெழுகியதும் குருபரம்பரைக் கதையில் வருகிறது. அவர் சுமந்து வந்த பூவை யாராவது கழுவியதாக நான் கேட்ட எந்தக் கதையிலும் இல்லை.

எங்கள் திருமுல்லைவாயில் கதையில் பூ கொஞ்சம் மூர்க்கமானது. படையெடுத்து வந்த தொண்டைமானின் யானை முல்லைக் கொடியில் கால் சிக்கி நின்றுவிட்டது. மன்னன் வாளை உருவிக் கொடியை வெட்டினான், வெட்டு உள்ளே இருந்த லிங்கத்தின் மேல் விழுந்து ரத்தம் பெருகியது. அதனால்தான் மாசிலாமணீசுவரர் எப்போதும் சந்தனக் காப்பிலேயே இருக்கிறார். சித்திரைச் சதயத்தில் மட்டும் காப்பைக் களைவார்கள். அம்மன் பெயர் கொடியிடை நாயகி. முல்லைக்குத் தேரைக் கொடுத்த பாரியைப் பள்ளிக்கூடத்தில் படித்தோம், முல்லைமேல் வாளை வீசியவனின் கோயில் வாசலில் கோலி விளையாடினோம். கருவறைக்கு முன்னால் இரண்டு எருக்கந்தூண்கள் நிற்கின்றன. எருக்கு தூணாகுமா என்று சின்ன வயதில் கேட்டேன். “அந்தக் காலத்து எருக்கு” என்றார் அம்மா.

அதே எருக்கு ஆவடிப் பக்கம் தண்டவாள ஓரமெல்லாம் மண்டிக் கிடக்கிறது. ஆவணியில் விநாயகர் சதுர்த்திக்கு மட்டும் அதற்கு மரியாதை. மற்ற பதினோரு மாதமும் அது குப்பைமேட்டுச் செடி. நான் அந்தப் பதினோரு மாதத்தில் வெட்டி வருகிறேன். எருக்கை வெட்டினால் பால் வடியும், கண்ணில் பட்டால் ஆபத்து. வெட்டிய காம்பின் நுனியை விளக்குச் சுடரில் ஒரு நொடி காட்டினால் பால் அடைபட்டுவிடும். சாம்பல் பூத்த அந்தத் தடித்த இலைக்கும் கத்திரிப்பூ நிறத்து மொக்குக்கும் பித்தளைக் குப்பி ரொம்பப் பொருத்தம். என் மனைவிக்கு எருக்கு மட்டும் உடன்பாடில்லை. வீட்டுக்குள் ஆகாது என்பாள். கோயிலுக்குள் தூணாக நிற்கலாம், ஜன்னல் திண்டில் கூடாதா என்று கேட்டதற்கு, “நீங்க தூணா வெச்சிக்குங்க” என்றாள்.

வருஷம் முழுக்க என்ன கிடைக்கிறது என்று தேடத் தொடங்கியபின்தான் அம்பத்தூருக்குப் பருவம் இருப்பதே தெரிந்தது. எஸ்டேட்டில் மூன்று ஷிப்டு மட்டும்தான் பருவம். மாசியில் மாம்பூ, பங்குனியில் வேம்பும் புங்கும். புங்கம்பூ காம்போடு நிற்காது. நிறுத்தி வைத்த ஸ்கூட்டர் சீட்டில் பொரியைக் கொட்டியதுபோல் விழும். அதை வழித்து ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டில் பரப்பினால் ஒரு பகல் தாங்கும். சித்திரையில் கொன்றை, வெட்டிக்கொண்டு வந்த அன்றே உதிர்ந்துவிடுவதால் அதை மரத்திலேயே விட்டுவிட்டேன். வெயில் காலத்தில் அம்பத்தூர் ஏரியில் ஆகாயத்தாமரை பூக்கிறது. தென்னமெரிக்காவிலிருந்து வந்து ஏரிகளின் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும் களை, ஜே.சி.பி. வைத்து வாருகிறார்கள். அதன் பூவை யாராவது கிட்டத்தில் பார்த்திருக்கிறீர்களா? வெளிர் ஊதா. ஆறு இதழில் மேலே இருக்கும் ஒன்றில் மட்டும் நீலத் திட்டு, அதன் நடுவில் மஞ்சள் பொட்டு. மயிலிறகுக் கண் போலவே இருக்கும். ஒரு கொத்தைப் பறித்து வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் துவளும். தண்ணீரில் பிறந்தது தண்ணீரில் வைத்தும் பிழைப்பதில்லை. நான் பறித்த பூவிலெல்லாம் மிகவும் கெட்ட பெயர் எடுத்தது இது, மிகச் சீக்கிரம் கோபித்துக்கொள்வதும் இதுதான்.

பவழமல்லி புரட்டாசியில். உதிர்ந்த பூவைச் சாமிக்குப் போடக்கூடாது என்ற சட்டத்தில் இதற்கு மட்டும் விலக்கு உண்டு. ராத்திரி மலர்ந்து விடியலில் தானாக மண்ணில் விழுவதையே பொறுக்கி அர்ச்சனை செய்கிறார்கள். பறிக்க ஆள் வராத பூவுக்காகச் சட்டமே வளைந்துகொடுத்திருக்கிறது.

குறிஞ்சிப்பாட்டிலும் பூ முதலில் உதிரியாகத்தான் குவிகிறது. தினைப்புனம் காக்கப் போன பெண்கள் அருவியாடி, மலையெல்லாம் சுற்றி, 99 பூக்களைப் பறித்து வருகிறார்கள். மழை கழுவிவிட்ட அகலப் பாறை ஒன்றின்மேல் அத்தனையையும் குவிக்கிறார்கள். தழையாடையாக்குவதும் தலையில் சூடுவதும் பிறகு. கபிலர் அந்தக் குவியலுக்கு முன்னால் நின்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக்கொண்டு போகிறார். உ.வே. சாமிநாதையர் 1889இல் பத்துப்பாட்டைப் பதிப்பிக்க உழைத்தபோது, ஏடுகளில் இந்தப் பூப்பட்டியலில்தான் இடையே சில பெயர்கள் விட்டுப்போயிருந்தன. தேடி அலைந்து, கடைசியில் தருமபுர ஆதீனத்து ஏட்டில் அவற்றைக் கண்டெடுத்தார். அந்த அனுபவத்தை அவர் எழுதிய கட்டுரையின் தலைப்பு ‘உதிர்ந்த மலர்கள்’. பாறைமேல் குவித்துவைத்த பூக்களில் சில உருண்டு போய்விட, ஒரு மனிதர் ஊர் ஊராகக் குனிந்து தேடியிருக்கிறார் என்று நான் இதை நினைத்துக்கொள்வேன். சொல்லப்போனால் அந்தக் காலத்தில் பூ மலர்கிற ஒவ்வொரு படிக்கும் பெயர் இருந்தது. அரும்பு, மொட்டு, முகை, போது, மலர், அலர். உதிர்ந்தால் வீ. வாடினால் செம்மல். விழுந்த பூவுக்கும் வாடிய பூவுக்கும் தனித்தனியாகப் பெயர் வைத்தவர்கள் அவற்றைக் கையில் எடுத்துப் பார்த்திருப்பார்கள்.

எஸ்டேட்டில் பூ வருகிற நாள் ஒன்று உண்டு. ஆயுத பூஜை. அதற்கு முந்தைய நாள் மெஷினை நிறுத்தி, எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, சந்தனப் பொட்டு வைத்து, சக்குக்கு ஒரு சாமந்தி மாலை, டெயில்ஸ்டாக்குக்கு ஒன்று, சுவிட்சுப் பெட்டிக்குத் துண்டுச் சரம். துலுக்கச் சாமந்தியும் கோழிக்கொண்டையும் அரளியும். சந்தையில் பூ விலை நெருப்பாக இருக்கும் நாளில் கூலிக்காரர்களும் முதலாளிகளும் போட்டி போட்டு வாங்குவார்கள். பத்துக்குப் பத்து ஷெட்டில் ஒற்றை லேத் வைத்திருப்பவரும் குறைத்துக்கொள்ள மாட்டார். பொரி, கடலை, வாசலில் குங்குமம் தடவி உடைத்த பூசணி. எங்கள் அம்மா இருந்தவரை என் லேத்துக்கு மாலை அவர் கட்டியது. மனுஷன் கழுத்துக்குக் கட்டுகிற அதே நெருக்கத்தில் கட்டியிருப்பார். “அதுதானே சோறு போடுது” என்பார். அந்த மாலையைத் தொட அவருக்கு எந்தத் தடையும் இல்லை. மெஷின் பார்த்து ஒதுங்கவில்லை. மறுநாள் ஓட்ட ஆரம்பித்தால் காய்ந்த இதழ்கள் உதிர்ந்து கூலன்ட் தொட்டியில் மிதக்கும். பம்பு அடைக்குமென்று சூப்பர்வைசர் திட்டுவார். ஒரு வாரத்துக்கு இரும்புச் சுருளுக்கு நடுவில் மஞ்சள் இதழ் வந்துகொண்டே இருக்கும்.

இப்போது ஐப்பசி. மரமல்லிக் காலம். பர்மா பக்கத்திலிருந்து வந்து நம் தெருக்களில் நின்றுவிட்ட மரம். ராத்திரி மழை பெய்தால் காலையில் தெருவெல்லாம் வெள்ளை. கொடி மல்லிக்கு இல்லாத ஒன்று இதற்கு உண்டு. பூவின் கீழ்ப்பாகமே நீளக் குழலாக நீண்டிருக்கும், காம்பைத் தானே கொண்டு வந்ததுபோல. எங்கள் அடுக்ககத்துப் பிள்ளைகள் பள்ளி வேனுக்குக் காத்திருக்கையில் அந்தக் குழல்களை ஒன்றோடொன்று பின்னிச் சரமாக்கிவிடுகிறார்கள். நாரும் வேண்டாம், முடிச்சும் வேண்டாம். மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி எனக்குச் சொல்லித்தந்தாள். நாலு பூவுக்கு மேல் என் விரல் தாங்கவில்லை. “நீங்க ரொம்ப டைட்டா இழுக்கறீங்க தாத்தா” என்றாள். முப்பத்து நான்கு வருஷமாக மேஸ்திரிகள் சொன்னதும் அதைத்தான். பின்னியதைப் பிரித்து ஏழெட்டுப் பூவைக் குப்பியில் போட்டேன். சில சாய்ந்தன, ஒன்று விளிம்பில் தொங்கியது. அப்படியே விட்டுவிட்டேன். 32.08க்குள் எல்லாம் அடங்கிற்று.

பூக்காரம்மாவுக்கு இதற்குள் என் கிறுக்குப் பழகிவிட்டது. கோயம்பேட்டிலிருந்து வருகிறபோது சம்பங்கித் தண்டு ஒன்றிரண்டு உருவாமல் எங்கிருந்தோ வாங்கி வருகிறார். சம்பங்கி கீழிருந்து மேலாக மலரும். தினமும் தண்டின் அடியைக் கொஞ்சம் சாய்வாக வெட்டி, தண்ணீர் மாற்றினால் நுனி மொக்குவரை ஒரு வாரம் திறந்துகொண்டே போகும் என்று நான்தான் அவரிடம் சொன்னேன். “உருவிப் போட்டுட்டா இதெல்லாம் எங்க சார் தெரியுது” என்றார். கூடையைச் சுற்றி மல்லி, கனகாம்பரம், ஜாதிமல்லி, ரோஜா. அவர் கொண்டையில் ஒன்றும் கிடையாது. முதல் நாளே கவனித்தேன். கேட்கிற விஷயம் இல்லை.

போன வாரம் மழை விட்ட ஒரு சாயங்காலம் போனேன். பூக்கூடைக்குப் பக்கத்தில், அவர் சாமி படம் வைத்திருக்கும் மூலைக்கு எதிர் மூலையில், பாதியாக வெட்டிய தண்ணீர் பாட்டிலில் மூன்று சம்பங்கித் தண்டு நின்றது. ஒன்று நேராக, ஒன்று சாய்ந்து, ஒன்று கழுத்தை வளைத்து. அடிப்பூக்கள் மலர்ந்திருந்தன. எனக்காகத்தான் வைத்திருக்கிறார் என்று பையை விரித்தேன்.

“அது வேணாம் சார். உங்களுது உள்ள இருக்கு, தரேன்.”

“இதுக்கு என்னம்மா விலை?”

“வியாபாரத்துக்கு இல்ல சார் அது,” என்று சொல்லிவிட்டு, அடுத்து நின்ற பெண்ணுக்கு இரண்டு முழம் அளக்கத் திரும்பினார்.